முளையிலே தெரிவது

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்னும் பழமொழியைக் கேளாது பாடசாலைப் படிப்பை முடித்தவர் நம்மிடையே இருக்க முடியாது. பரிசளிப்பு விழாக்களிலே அதிபர்களும் பிரதம விருந்தினர்களும் தவறாது எடுத்தாளும் வாக்கு அது. பயிர் இனவிருத்தியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பழமொழியோடு நெடுநாளாக ஒரு பிணக்கு உண்டு. முளைத்த இரண்டாம் கிழமையிலே கரும்பச்சையாய்ச் செழித்து நின்ற வரிசை அறுவடையின்போது நடுத்தரமாகிவிடுவதையும், வெளிறித் தயங்கி நின்ற வரிசை கதிர் முற்றும் காலத்தில் முந்திக்கொள்வதையும் ஆண்டுதோறும் காண்பவனுக்கு அவ்வாக்கு அரையுண்மையாகவே தோன்றும். ஆயினும் இக்கட்டுரை பயிரைப் பற்றியதன்று. அமெரிக்க மக்கள் தமது தேசிய விளையாட்டெனப் போற்றும் பேஸ்போல் ஆட்டத்திலே, பருவத்தின் முதற் சில கிழமைகளில் இளம் ஆட்டக்காரர் ஈட்டிய எண்களைக் கொண்டு அவர்தம் எதிர்காலத்தைக் கணிக்க முயலும் ஒரு வழக்கத்தைப் பற்றியது. 2013 முதல் 2017 வரை அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரிலே பட்டப்பின் ஆய்வு மாணவனாக இருந்தபோது அவ்வழக்கம் என்னையும் பற்றிக்கொண்டது.

ஆட்டத்தை அறியாத வாசகர் நமது நாட்டு எல்லே விளையாட்டை நினைத்துக்கொள்ளலாம். கோலாற் பந்தை அடித்துவிட்டுத் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடிவருதல் இரண்டிற்கும் பொது. அமெரிக்க ஆட்டத்தின் தரிப்பிடத்தைத் தளம் என்போம். அடித்த பந்து எதிரணியினரிடம் அகப்பட்டு ஆட்டமிழக்காமல், அடித்தவர் முதலாவது தளத்தையேனும் பத்திரமாகச் சென்றடைவாராயின் அது ஒரு வெற்றியடி. வெற்றியடிகளின் தொகையை முயற்சிகளின் தொகையால் வகுக்க வருவதே அவருடைய சராசரி. பத்து முயற்சிகளுள் மூன்றில் மட்டும் வெற்றி கண்டு, 0.300 என்ற சராசரியோடு பருவத்தை முடிப்பவர் சிறந்த ஆட்டக்காரர், 0.250 உடன் முடிப்பவர் சாதாரணர். கிரிக்கெட்டிலே சதங்களை எண்ணிப் பழகிய நமக்குப் பத்தில் ஏழு முறை தோற்பவரைச் சிறந்தவர் என்பது வியப்பாயிருக்கும். அதனினும் வியப்பு யாதெனில், இவ்விருவருக்குமிடையே உள்ள தூரம் இருபது முயற்சிகளுக்கு ஒரே ஒரு வெற்றியடி என்பதே. கிழமைக்கு ஆறு ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கு முயற்சி என்று கொண்டால், கிழமைக்கு ஒன்றுக்குச் சற்று மேல். புகழுக்கும் மறதிக்கும் இடையே நிற்பது இவ்வளவுதான். இச்சிறு அளவை மனத்திற் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

பேரணிகள் முப்பது. அவை ஒவ்வொன்றின் கீழும் இளைஞர் ஏறிவரவேண்டிய ஏணியொன்று உண்டு; அதனை மைனர் லீக் என்பர். கீழிருந்து ஏ, உயர் ஏ, டபிள் ஏ, திரிபிள் ஏ என நான்கு படிகள். அவற்றிற்கும் கீழே அரிசோனா, புளோரிடா மாநிலங்களிலும் டொமினிக்கன் குடியரசிலும் புதுமுகங்களுக்கான பயிற்சிக் களங்கள். சிக்காகோ கப்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 2025 ஆம் ஆண்டில் அதன் ஏ நிலைக் குழு தென் கரோலினாவின் கடலோரத்து மேர்ட்டில் பீச்சிலும், உயர் ஏ குழு இந்தியானாவின் சவுத் பெண்டிலும், டபிள் ஏ குழு ரெனசியின் நொக்ஸ்விலிலும், திரிபிள் ஏ குழு அயோவாவின் தலைநகரான டி மொயினிலும் ஆடின. ஒவ்வொரு பேரணியும் தன் ஏணியில் நிற்கும் நூற்றுக்கு மேற்பட்ட இளைஞருள் ஒரு சிலரையே நாளைய நம்பிக்கைகளாகக் கருதுகிறது. ஏனையோர் அச்சிலரோடு ஆடுவதற்கு ஆள் வேண்டும் என்பதற்காகவும் அங்கே இருக்கின்றனர். இதனை வெளிப்படையாகச் சொல்வோர் குறைவு, அறியாதார் எவருமிலர்.

மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பருவம் தொடங்கும். அதுவரை ஆறு மாதம் பனிக்குள் அடைபட்டுக் கிடந்த அயோவா மக்களுக்கு அந்நாள் ஒரு பண்டிகை. பேரணி நன்றாக ஆடாத ஆண்டுகளில் அவர்களது கவனம் ஏணியின் மீதே திரும்பும். நான் ஏம்ஸ் சென்றபோது கப்ஸ் அணி இறுதியாக உலகத் தொடரை வென்று நூற்றைந்து ஆண்டுகளாகியிருந்தன. 1908 இற்குப் பின்னர் வெற்றியே காணாத ஓர் அணியின் அன்பர்கள் நாளைய இளைஞரைப் பற்றி அன்றி வேறெதனைப் பேசுவர்? ஏப்ரல் இரண்டாம் கிழமை முதலே ஆய்வுகூடத்துத் தேநீர் வேளைகளிலே, இன்னார் ஐந்து ஆட்டங்களில் நான்கு ஹோம் ரன் அடித்தாராம், இன்னார் பதினைந்து முயற்சிகளில் ஒன்பது முறை மட்டையை வீசி வெறுங்காற்றை அடித்தாராம் என்ற செய்திகள் பரிமாறப்படும். நமது ஊரிலே சித்திரைப் புத்தாண்டுப் பலன் வாசிப்பதைப் போன்ற ஆர்வம் அது.

அப்பலன்கள் பலித்ததும் உண்டு. 1951 ஆம் ஆண்டின் வசந்தத்தில் இருபது வயது வில்லி மேய்ஸ் மினியாபொலிஸ் நகரக் குழுவுக்காக 35 ஆட்டங்களில் 0.477 என்னும் நம்பற்கரிய சராசரியை ஈட்டினார். அயோவாவின் சூ சிட்டியில் ஒரு திரைப்பட அரங்கிலே அமர்ந்திருந்த அவருக்கு, நியூ யோர்க் ஜயன்ற்ஸ் பேரணி உடனே அழைக்கிறது என்ற செய்தி அங்கே வைத்தே அறிவிக்கப்பட்டது. தமது நட்சத்திரத்தை இழந்த மினியாபொலிஸ் மக்களிடம் அணியின் உரிமையாளர் பத்திரிகை விளம்பரம் வாயிலாக மன்னிப்புக் கோரினார். மேலே சென்ற மேய்ஸோ முதற் பன்னிரண்டு முயற்சிகளிலும் வெற்றியடி காணவில்லை. முதல் இருபத்தாறு முயற்சிகளில் கண்டது ஒன்றே. அது ஒரு ஹோம் ரன். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே கிடைத்தது. மினியாபொலிஸின் 35 ஆட்டங்கள் உண்மை கூறின; நியூ யோர்க்கின் முதல் இருபத்தாறு முயற்சிகள் பொய் கூறின. இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதத்துக்குள் நிகழ்ந்தவை.

மறுபுறம் மைக்கேல் ஜோர்டன். கூடைப்பந்தாட்டத்தின் முடிசூடா மன்னராய் விளங்கிய அவர், தந்தையார் கொலையுண்ட துயரத்தின் பின்னர் அவ்விளையாட்டைத் துறந்து, 1994 இல், முப்பத்தொரு வயதில், அலபாமாவின் பேர்மிங்ஹாமிலே டபிள் ஏ நிலையில் பேஸ்போல் ஆடவந்தார். ஏப்ரல் மாதத்தில் தொடர்ச்சியாகப் பதின்மூன்று ஆட்டங்களில் வெற்றியடி கண்டார். மாதம் முடியும் தறுவாயில் அவர் சராசரி 0.300 இற்கு மேல் இருந்தது. ஏளனஞ் செய்தோர் வாயடைத்தனர். அதன்பின்னர் எதிரணிப் பந்துவீச்சாளர்கள் நேராக விரைந்து வரும் பந்துகளைக் குறைத்து, வளைந்து விழும் பந்துகளை அவருக்கு வீசத் தொடங்கினர். செப்டெம்பரில் பருவம் முடிந்தபோது 127 ஆட்டங்களில் அவர் சராசரி 0.202. ஏப்ரல் மாதத்திலே அடிப்பவரைப் பற்றிப் பந்துவீச்சாளர் எதுவும் அறியார். மே மாதத்தில் அறிவர். முதல் மாத எண்களின் பொய்க்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு காரணங்களும் உள. குளிர்ந்த காற்றில் பந்து தூரம் செல்வதில்லை. மட்டையின் அதிர்வு விரலெலும்பைக் குடையும். கரீபியத் தீவுகளில் பிறந்து அதுவரை உறைபனியைக் கண்ணாற் காணாத பையன் ஒருவன், மழையோ பனியோ என்று தெளியாத ஏதோ ஒன்று தூவும் மாலையிலே மத்திய மேற்குச் சமவெளியில் நின்று பந்தை எதிர்நோக்குகிறான். அதே கிழமையில் மேர்ட்டில் பீச்சின் வெதுவெதுப்பில் இன்னொருவன் ஆடுகிறான். இருவர் எண்களும் அச்சில் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருகின்றன. ஒருவன் அதே படியில் இரண்டாம் ஆண்டு நிற்பவன். மற்றவன் தன்னைவிட மூன்று வயது மூத்தவர்களோடு முதன்முறை மோதுபவன். பத்திரிகைப் பத்தியில் இவையொன்றும் இரா.

நான் அங்கிருந்த ஆண்டுகளில் கப்ஸ் அணியின் ஏணி நம்பிக்கைகளால் நிறைந்திருந்தது. 2014 ஏப்ரலில் ஹாவியர் பயெஸ் என்னும் இளைஞர் டி மொயினிலே தடுமாறினார். எதிர்வந்த பந்து ஒவ்வொன்றையும் நட்சத்திர மண்டலத்துக்கு அனுப்பிவிடுவார் போல மட்டையை வீசுவார். பெரும்பாலும் காற்றே அடிபடும். இவரைப் பெரிதாக எண்ணினோமே என்று எங்கள் தேநீர்ச் சபை மனம் நொந்தது. மே மாத நடுவிலிருந்து அவர் மீண்டார். ஓகஸ்ற் 5 ஆம் நாள் பேரணிக்கு அழைக்கப்பட்டு, முதல் ஆட்டத்திலேயே பன்னிரண்டாம் சுற்றில் வெற்றியைத் தேடித்தந்த ஹோம் ரன்னை அடித்தார். 2018 இல் தேசிய லீக்கின் பெறுமதிமிக்க வீரருக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றவர் அவரே.

2015 இன் கதை வேறு. கிறிஸ் பிரையன்ட் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன்களோடு எவரினும் மேலாக நின்றார். ஆயினும் தளக்காப்பிலே இன்னும் தேர்ச்சி வேண்டும் என்று கூறி அவரை டி மொயினுக்கு அனுப்பினர். அங்கே அவர் ஆடியவை ஏழே ஆட்டங்கள். ஏப்ரல் 17 ஆம் நாள் சிக்காகோவுக்கு அழைக்கப்பட்டார். அவ்வேழு ஆட்டங்களிலே அவர் எதனைக் கற்றார் என்று எவரும் ஆராயவில்லை. ஏனெனில் நாட்காட்டியை எண்ணத் தெரிந்தோர் யாவரும் காரணத்தை அறிந்திருந்தனர். பேரணியில் 172 நாள்கள் இருந்தால் ஓராண்டுச் சேவை. ஆறாண்டு சேவையின் பின்னரே தான் விரும்பிய அணியோடு பேரம்பேசும் உரிமை. பிரையன்டுக்கு அவ்வாண்டு வாய்த்தவை 171 நாள்கள். ஒரு நாட் குறைவால் அவரது உரிமை ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவர் செய்த முறையீடு 2020 இலே நடுத்தீர்ப்பில் நிராகரிக்கப்பட்டது. 2022 இல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கை, சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதலிரு இடங்களைப் பெறுவோருக்கு முழு ஆண்டுச் சேவையை வழங்குகிறது. முளையிலே நன்கு தெரிந்துவிட்ட பயிரைக்கூடத் தோட்டக்காரர் வேறு கணக்கிற்காக நாற்றுமேடையில் நிறுத்திவைப்பதுண்டு என்பதற்கு இது சான்று. பிரையன்ட் 2015 இல் சிறந்த புதுமுகமாகவும் 2016 இல் தேசிய லீக்கின் பெறுமதிமிக்க வீரராகவும் தெரிவானார். 2016 நவம்பரில் 108 ஆண்டு வறட்சியை முடித்துவைத்த இறுதிப் பந்தைத் தரையிலிருந்து அள்ளி எறிந்தவரும் அவரே. அன்றிரவு ஏம்ஸ் நகரத்து மாணவர் தெருக்களில் நிகழ்ந்தவற்றை ஒரு கல்விச் சஞ்சிகையில் விவரிப்பது பொருந்தாது.

ஏம்ஸ் நகரில் இவ்வெண்களைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. அந்நகரத்துப் பல்கலைக்கழகத்திலே 1933 இல் ஜோர்ஜ் ஸ்னெடெகோர் புள்ளிவிபரவியல் ஆய்வுகூடத்தை நிறுவினார். அமெரிக்காவில் அவ்வகையில் அதுவே முதலாவது. வயற் பரிசோதனைகளுக்குக் கணித ஒழுங்கை வகுத்த ரொனால்ட் ஃபிஷர் 1931 இலும் 1936 இலும் அங்கு வந்து விரிவுரையாற்றினார். ஒரு பாத்தியிலே நெல்லோ சோளமோ மிகுதியாய் விளைந்தால், அது இனத்தின் சிறப்பா, மண்ணின் சிறப்பா, வெறும் தற்செயலா என்று பிரித்தறிவது எவ்வாறு? எங்கள் துறையின் கேள்வி முழுவதும் இதுவே. ஏப்ரல் மாதத்து ஆட்டக்காரனைப் பற்றிய கேள்வியும் இதுவே.

இக்கேள்வி என்னை ஏட்டளவில் நிற்கவிடாது நேரில் வந்து பற்றியது 2015 இன் வசந்தத்தில். சோளப் பரிசோதனை வயல்களைப் பார்வையிடுவதற்காக ஏப்ரல் முதல் ஜூன் வரை அயோவாவின் கிழக்கே ஒரு சிறு நகரிலே தங்கினேன். அந்நகரிலும் ஏ நிலைக் குழு ஒன்று இருந்தது. நகரத்தையும் குழுவையும் பெயர் சுட்டாது விடுகிறேன். என் தங்குமிடம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான ஓர் அம்மையாரின் வீடு. கணவர் காலமான பின்னர் மேல்மாடி அறைகளை அவர் ஆட்டக்காரருக்கு வாடகையின்றிக் கொடுத்து வந்தார். அக்காலத்தில் மைனர் லீக் நகரங்களிலே இத்தகைய வளர்ப்புக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களின்றிப் பையன்களின் சம்பளத்துக்கு அறையெடுத்தல் இயலாது. அவ்வாண்டு மாடியிலே இருவர். ஒருவன் ரெக்சாஸ் பந்துவீச்சாளன், பெரும்பாலும் உறங்குவான். மற்றவன் டொமினிக்கன் குடியரசின் சான் பெட்றோ டி மக்கோரிஸ் நகரத்தவன். சீனி ஆலைகளுக்கும் ஷோர்ட்ஸ்டொப் எனப்படும் உட்களக் காவலர்க்கும் பேர்போன ஊர் அது. தந்தை ஆலைத் தொழிலாளி. பதினாறு வயதிலே ஒப்பந்தம் செய்து, கிடைத்த பணத்தில் தாய்க்குச் சீமெந்துக் கூரை வீடு கட்டிக்கொடுத்தவன். அப்போது அவனுக்கு வயது இருபது.

எங்களிருவரையும் இணைத்தது சோறு. இரவு பத்தரை மணிக்கு ஆட்டம் முடிந்து வருபவன் சமையலறையில் என் சோற்றுப் பானையையும் பருப்பையும் கண்டுவிட்டான். அவர்கள் நாட்டிலும் சோறும் அவரையுமே அன்றாட உணவு. மிளகாயை மட்டும் அவன் நெஞ்சு ஏற்கவில்லை. நான் பல்கலைக்கழகத்தவன் என்பதால் என்னைப் 'புரோஃபே' என்று, தன் நாட்டுப் பிள்ளைகள் ஆசிரியரை அழைக்கும் முறையிலே அழைப்பான்.

ஏப்ரல் கடைசிக் கிழமையில் அவனது எண்கள் 62 முயற்சிகளில் 9 வெற்றியடிகள். சராசரி 0.145. ஒருநாள் இரவு பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு, "புரோஃபே, நீங்கள் எண்களைப் படிப்பவர். இந்த எண் உண்மையா?" என்று கேட்டான்.

என் கைப்பையிலே அன்று வயலுக்கெனக் கொண்டுசென்ற சோள விதைகள் இருந்தன. ஊதா விதை 26, மஞ்சள் விதை 74 எண்ணி ஒரு துணிப்பையில் இட்டேன். உன் உண்மையான திறன் 0.260 என்று வைத்துக்கொள். ஊதா வந்தால் வெற்றியடி. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி 62 முறை எடு என்றேன். எடுத்தான். 14 ஊதா. மீண்டும் எடுத்தான், 19. பின்னர் 11, 17, 16. பையில் விதை மாறவில்லை, கை மாறவில்லை, எண் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. ஒன்பதோ அதனினும் குறைவோ வருவது நூறிலே இரண்டு தடவைக்குச் சற்று மேல் என்று தாளிற் கணக்கிட்டுக் காட்டினேன். உன் லீக்கிலே பதினாறு குழுக்கள். ஒழுங்காக ஆடுவோர் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். அத்தனை பேரும் 0.260 உடையவர்களாகவே இருந்தாலும் முதல் மூன்று கிழமைகளின் பின்னர் மூன்று நான்கு பேர் உன் நிலையிலே நிற்பர் என்றேன். அவன் முகம் சற்றுத் தெளிந்தது. நெடுநேரம் பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பின்னர், "ஆனால் என் பையில் 26 இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எண்ணிப் போட்டது நீங்கள்" என்றான்.

ஏம்ஸில் நான் இருந்த கருத்தரங்குகளிலே இதனினும் கூர்மையான கேள்வியை எவரும் கேட்டதாக நினைவில்லை. பை பதினெட்டு ஊதாவை உடையதாயின் ஒன்பது வருவது அத்துணை அரிதன்று. கையில் வந்தவற்றைக் கொண்டு பைக்குள் இருப்பதை அறியவேண்டும். அதற்கு 62 போதா. ஆயிரம் முயற்சிகள் வேண்டும். ஆயிரம் முயற்சிகள் என்றால் இரண்டு முழுப் பருவங்கள். நான் அதனையே சொன்னேன். "இரண்டு பருவம் அவர்கள் எனக்குத் தருவார்களா?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புள்ளிவிபரவியலில் அதற்கு விடையில்லை.

உண்மையில் அணிகளும் சராசரியை மட்டும் நம்பி இருப்பதில்லை. மட்டையை வீசித் தவறவிடும் வீதம், பொறுமையோடு விட்டுவிடும் பந்துகளின் வீதம் ஆகியன சராசரியைவிட விரைவிலே நிலைகொள்வன. சில கிழமைகளிலேயே அவை ஓரளவு உண்மை பேசும். அடிபட்ட பந்து என்ன வேகத்தில் மட்டையை விட்டகன்றது என்பது இன்னும் நல்ல சாட்சி. அதே 2015 இலேதான் முப்பது பேரணி அரங்குகளிலும் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் கருவிகள் முழுமையாக நிறுவப்பட்டன. எங்கள் சிறு நகரத்து வீட்டில் அக்கருவியின் வேலையை அம்மையார் செய்துவந்தார். உள்ளூரில் நடக்கும் ஆட்டம் ஒவ்வொன்றையும் மூன்றாம் தளத்தின் பின்னுள்ள அதே ஆசனத்தில் போர்வையோடு அமர்ந்து, பென்சிலால் ஒரு கொப்பியிற் பதிவார். ஆட்டமிழப்பாக முடிந்தாலும் உரத்து அடிபட்ட பந்தெனத் தோன்றினால் அப்பதிவின் அருகில் ஒரு சிறு நட்சத்திரம் இடுவார். பரீட்சையிலே விடை பிழைத்தாலும் வழிமுறைக்குப் புள்ளி கொடுத்துப் பழகியவர் அல்லவா!

மே மாதத்தில் அவன் எண்கள் ஏறின. நான் ஏம்ஸ் திரும்பியபோது 0.230 ஐ எட்டியிருந்தான், ஆண்டிறுதியில் 0.251. அடுத்த ஆண்டும் அதே நிலையில் வைத்தனர். 2016 ஏப்ரலில் 0.340 அடித்தான். பத்திரிகைகள் அவனை நாளைய நம்பிக்கையென எழுதின. அம்மையார் அப்பத்தியை வெட்டி எனக்குத் தபாலில் அனுப்பினார். பருவ முடிவில் அவன் மீண்டும் 0.250 இன் அருகே வந்து நின்றான். 2017 மார்ச்சில், வசந்தகாலப் பயிற்சி முடிவதற்கு இரண்டு நாளிருக்க, அவனை விடுவித்தனர். அவனினும் மூன்று வயது இளையவன் ஒருவன் அதே இடத்துக்கு வந்திருந்தான். முதல் ஏப்ரல் அவனைக் கெட்டவனெனக் கூறிற்று. இரண்டாம் ஏப்ரல் மிக நல்லவனெனக் கூறிற்று. இரண்டும் ஒரே பையிலிருந்து வந்தவை.

இதிலே அணியினர்மீது குறைகூற எனக்கு எதுவுமில்லை. நிலத்துக்கு அளவுண்டு. நானும் ஒவ்வொரு போகத்திலும் நூற்றுக்கணக்கான வரிசைகளை, முழுமையாக அறியாமலே, போதிய ஆண்டுகள் பார்க்காமலே, விலக்குகிறேன். அவற்றுள் சில நல்லனவாய் இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விலக்கப்பட்ட வரிசை எதுவும் தாய்க்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்ததில்லை.

அப்பணந்தான் எத்துணை! 2020 வரை ஏ நிலையிலே குறைந்தபட்சச் சம்பளம் கிழமைக்கு 290 டொலர். அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளமே இல்லை. 2014 இல் சில முன்னாள் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கு 2022 இல் 185 மில்லியன் டொலருக்கு இணக்கமாகத் தீர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் மைனர் லீக் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023 இன் முதலாவது உடன்படிக்கை ஏ நிலையின் ஆண்டுக் குறைந்தபட்சத்தை 26,200 டொலராகவும் திரிபிள் ஏ நிலையின் குறைந்தபட்சத்தை 35,800 டொலராகவும் உயர்த்தியது. இதற்கிடையே 2021 இலே ஏணியே குறுக்கப்பட்டது. நூற்றறுபது குழுக்கள் நூற்றிருபதாயின. அயோவாவின் பேர்லிங்டன், கிளின்டன் ஆகிய நகரங்கள் பேரணிகளோடிருந்த தொடர்பை இழந்தன. அம்மைதானங்களில் கல்லூரி மாணவர் கோடைகால லீக் ஆடத் தொடங்கினர். நான் தங்கிய நகரம் தப்பியதா இல்லையா என்பதைக் கூறினால் அது எந்நகரம் என்பதை வாசகர் கண்டுகொள்வர்.

2022 முதல் ஆட்டக்காரருக்கு உறைவிடம் அளிப்பது அணிகளின் கடமையாயிற்று. மிக நியாயமான மாற்றம். என்றோ வந்திருக்க வேண்டியது. அதனால் அம்மையாரின் மாடி அறைகளுக்கு ஆளில்லாது போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்த் தங்கினார். போகுமுன், 2015 ஆம் ஆண்டுக் கொப்பியைப் பேராதனை முகவரிக்கு அனுப்பியிருந்தார்.

இப்போதும் ஏப்ரல் மாதத்திலே, காலை எட்டு மணியளவில், விரிவுரைக்குப் புறப்படுமுன்னர், கைத்தொலைபேசியில் கப்ஸ் அணியின் நான்கு குழுக்களுடைய ஆட்டப் பதிவுகளையும் பார்ப்பது என் வழக்கம். அயோவாவின் முன்னிரவு நமக்கு விடியற்காலை. ஆட்டம் அப்போதுதான் முடிந்திருக்கும். முதலில் வயதைப் பார்ப்பேன்; அடுத்து, மட்டை வீசித் தவறியோர் எத்தனை முறை என்று. சராசரிப் பத்தியின் அடியிலே நிற்கும் பெயர்களையும் ஒரு முறை வாசிப்பேன். அதற்கு ஆய்வுக் காரணம் எதுவுமில்லை.

அம்மையாரின் கொப்பியில் அந்த 62 முயற்சிகளுள் உள்ளூரில் நிகழ்ந்தவை 33. வெற்றியடி 4. எஞ்சிய 29 இல் நட்சத்திரம் இடப்பட்டவை 11. அப்பக்கத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது தன் ஊருக்கு அண்மையிலே ஓர் உல்லாசப் பயண விடுதியில் வாகனம் ஓட்டுகிறான். இரு பெண் குழந்தைகளின் தந்தை. நட்சத்திரங்களை அவன் எண்ணவில்லை. இரண்டாவது வரியில் உள்ள ஒன்றை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தான். அது மதிலைத் தாண்டியிருக்க வேண்டிய பந்தாம். அன்று மாலை காற்று வடக்கேயிருந்து வந்ததாம்.